பழைய வீடியோ கேமை எல்இடி டிவியில் தெளிவாக ஆடுவது எப்படி

பரணில் இருந்து இறக்கிய டிவி கேம் பெட்டியை ஹாலில் இருக்கும் 43 இன்ச் எல்இடியில் மாட்டினால் எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான். எழுத்து கலங்குகிறது, சிவப்பு நிறம் வழிகிறது, ஓடுகிற பொம்மையின் ஓரம் சீவல் சீவலாகக் கிழிகிறது, பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் குதிக்கிறது. பெட்டி கெட்டுப்போகவில்லை. டிவியும் மட்டமானதில்லை. பெட்டி அனுப்பும் சிக்னலை டிவி வேறு ஏதோவாகப் புரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

பழைய பிக்சர் டியூப் டிவி ஒரு படத்தை இரண்டு தவணையாக வரையும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். இதைத்தான் 480ஐ என்கிறார்கள். கேசட் போடும் கேம் பெட்டிகளும் பிஎஸ்1-உம் (சோனியின் முதல் பிளேஸ்டேஷன்) இதில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தன. இரண்டாம் தவணையும் அதே வரிகளின் மேலேயே விழும்படி சிக்னலைச் சற்று மாற்றி, நொடிக்கு 60 முழுப் படங்களை 240 வரியில் அனுப்பின. இது 240பி. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறைப் பெட்டிகளில் 288 வரி, நொடிக்கு 50 படம். ஒளிபரப்புத் தரத்தில் இப்படி ஒரு முறையே கிடையாது. அதனால் எல்இடி டிவி இதை 480ஐ என்று எடுத்துக்கொண்டு, வேறு வேறான இரண்டு படங்களை ஒரே படத்தின் இரண்டு பாதிகளாகப் பின்னிவிடுகிறது. கிழிசல் அங்கேதான் பிறக்கிறது. அடி வாங்கிய வீரன் விட்டுவிட்டு மினுங்க வேண்டிய இடத்தில் ஒரேயடியாக மறைந்துபோவதும், பட்டனுக்கும் திரைக்கும் இடையே தாமதம் வருவதும் இதே பின்னல் வேலையால்தான்.

கடைமடையில் நின்று தண்ணீர் வரவில்லை என்பவர் முதலில் தலைமடையைப் பார்க்க வேண்டும். பெட்டி என்ன சிக்னல் தருகிறது, அது எந்த வயரில் வருகிறது, கரண்ட் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டருக்குக் காசு. பெரும்பாலோர் கன்வெர்ட்டரை முதலில் வாங்கிவிடுகிறார்கள். மஞ்சள் வயரில் கெட்டுவிட்ட படத்தை எந்த விலைக் கன்வெர்ட்டராலும் மீட்க முடியாது.

எந்தப் பெட்டிக்கு எந்த வயர்

மஞ்சள் பின்னில் வருவது காம்போசிட். வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அவற்றை மறுபடி பிரிக்கும்போது முழுதாகப் பிரியாது. எழுத்தோரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகர்வதும், சிவப்பு பக்கத்து நிறத்தில் கசிவதும் இதனால்தான். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பி. கம்பொனென்ட், அதாவது பச்சை, நீலம், சிவப்பு மூன்று பின், அதைவிட மேல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபியும் அதே தரம். ஆனால் அதற்கான ஸ்கார்ட் துளை நம் ஊர் டிவிகளில் பார்ப்பது அரிது, கன்வெர்ட்டர் வேண்டும்.

'9999 இன் 1' கேசட் போடும் சீனப் பெட்டிகள் நம் வீடுகளில்தான் அதிகம். இவற்றின் சிப்பே காம்போசிட் சிக்னலைத்தான் உற்பத்தி செய்கிறது. உள்ளே ஆர்ஜிபி என்று ஒன்று இல்லவே இல்லை, ஆகவே இதற்கு விலை உயர்ந்த வயர் தேடுவது வீண். நிண்டெண்டோவின் அசல் என்இஎஸ்ஸும் இதே கதைதான். சேகாவின் மெகா டிரைவில் ஆர்ஜிபி பிறவியிலேயே உண்டு, எஸ்-வீடியோ கிடையாது. அதன் காம்போசிட் மிக மோசம் என்பதால் ஆர்ஜிபிக்கு மாறினால் வித்தியாசம் கண்ணில் அறையும். ஒரு சின்ன இழப்பும் உண்டு: சோனிக் விளையாட்டின் அருவி, காம்போசிட்டில் கலங்கித்தான் கண்ணாடிபோல் தெரிந்தது. ஆர்ஜிபியில் அது வெறும் நெடுக்குக் கோடுகள் என்பது வெளிச்சமாகிவிடும். நிண்டெண்டோ 64க்கு எஸ்-வீடியோ. ட்ரீம்காஸ்ட்டுக்கு விஜிஏ வயர். பெரும்பாலான கேம்கள் 480பி-யாகவே, அதாவது 480 வரியும் ஒரே தவணையில், வரும். நிண்டெண்டோவின் வீ (Wii) பெட்டிக்கு கம்பொனென்ட் வயர், மெனுவில் 480பி. பிஎஸ்1, பிஎஸ்2 இரண்டுக்கும் பின்புறத் துளை ஒன்றே. அதில் எஸ்-வீடியோ, ஆர்ஜிபி இரண்டும் கிடைக்கும், கம்பொனென்ட் பிஎஸ்2இல் மட்டும்.

பால் முறை பிஎஸ்1இல் அமெரிக்க, ஜப்பானிய சிடி போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வருவதுண்டு. பெட்டி நிறத்தைத் தப்பான அலைவரிசையில் ஏற்றுகிறது. ஆர்ஜிபி வயரில் நிறம் அப்படி ஏற்றப்படுவதே இல்லை என்பதால் கோளாறும் இல்லை.

ஆன்டெனா வயர் மட்டும் உள்ள பழைய பெட்டிகள்

ஆன்டெனா துளை வழியாக வந்தால் படம் காம்போசிட்டைவிடக் கீழ். அப்படியே ஆட வேண்டிய கட்டாயம் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: படம் வந்து சத்தம் வெறும் இரைச்சலாக இருந்தால், டிவியின் சேனல் மெனுவில் சவுண்ட் சிஸ்டத்தை பிஜியில் இருந்து டிகே அல்லது ஐ-க்கு மாற்றுங்கள். நம் நாட்டு முறையில் ஒலி படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். சீனாவுக்கென்று செய்த பெட்டியில் 6.5.

சால்டரிங் தெரிந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. பெட்டிக்குள் ஆன்டெனா துளையோடு ஒட்டிய சின்னத் தகரப் பெட்டிக்குப் போகும் கம்பிகள் பெரும்பாலும் நான்கு: கிரவுண்ட், 5 வோல்ட், வீடியோ, ஆடியோ. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, அசையாமல் 5 வோல்ட் காட்டும் கம்பியைக் கண்டுபிடித்து டேப் ஒட்டி ஒதுக்குங்கள். அது டிவியைத் தொடவே கூடாது. மிச்சம் இரண்டில் ஒன்று வீடியோ. 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் பிளஸ் முனையைப் பெட்டிப் பக்கமும், தொடராக ஒரு 75 ஓம் ரெசிஸ்டரையும் வைத்து மஞ்சள் துளைக்குக் கொடுங்கள். படம் மங்கினால் போர்டிலேயே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம், உங்களுடையதை எடுத்துவிடலாம். வயர் ஷீல்டு உள்ளதாக, ஒரு சாணுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

அடாப்டரைப் பாருங்கள்

திரையில் கிடைமட்டமாகக் கருநிழல் பட்டை நகர்கிறது என்றால் வயரைக் குறை சொல்லாதீர்கள், அது கரண்ட் கோளாறு. 50 ஹெர்ட்ஸ் படத்தில் பட்டை ஏறக்குறைய நின்றபடி மெல்ல ஊரும், 60 ஹெர்ட்ஸ் படத்தில் வேகமாக ஓடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரின் கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றை மாற்றினால் பெரும்பாலும் தீரும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பட்டையும் உறுமலும் வந்தால், இன்வெர்ட்டர் சைன் அலை தராத ரகம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் பின் பல கேம் பெட்டிகளில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது பொதுவாக 12 வோல்ட், நடுமுனை பிளஸ். கேசட் போடும் சீனப் பெட்டி போன்ற ஃபேமிகாம் வகைப் பெட்டிகள் பல 9 வோல்ட், நடுமுனை மைனஸ். மெகா டிரைவிலேயே முதல் மாடல் நடுமுனை மைனஸ், இரண்டாம் மாடல் பிளஸ். அடியில் ஒட்டிய தகட்டில் வட்டமும் புள்ளியும் போட்டு எது நடு என்று வரைந்திருக்கும்; அதைப் படிக்காமல் செருகாதீர்கள். பிஎஸ்2 ஸ்லிம்முக்கு 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர் தேவை. ஆம்பியர் குறைந்த மாற்று அடாப்டரில் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் படம் நடுங்கும்.

எர்த் சரியில்லாத வீடுகளில் வயர் முனையைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும். ஏவி, எச்டிஎம்ஐ வயர்களை எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகு மாட்டுங்கள். டிவியின் எச்டிஎம்ஐ துளை சாவது பெரும்பாலும் ஓடும்போதே செருகிப் பிடுங்கித்தான்.

டிவியின் துளையில் நடக்கும் குழப்பங்கள்

இருக்கும் ஒரே ஏவி துளையைச் செட்டாப் பாக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு வயரையும் ஒய் பின்னில் சேர்த்து ஒரே துளையில் செருகும் வழக்கம் உண்டு. அணைத்து வைத்த பெட்டியும் சிக்னலைத் தின்னும், படம் மங்கும். ஒன்றை முழுதாகத் துண்டித்து மற்றொன்றைச் சேர்க்கும் பட்டன் வைத்த ஏவி செலக்டர் மலிவு, அதை வாங்குங்கள்.

புதிய டிவிகளில் மூன்று துளைக்குப் பதில் ஹெட்ஃபோன் துளைபோல் ஒன்றே இருக்கும். அதற்கான வயரில் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வரவில்லையா, பெட்டியின் மஞ்சள் பின்னை அந்த வயரின் சிவப்பிலும் வெள்ளையிலும் செருகிப் பாருங்கள். எதிலும் வராமல் உறுமல் மட்டும் கேட்டால் கிரவுண்டின் இடமே மாறியிருக்கிறது. அந்த டிவி மாடலுக்கான வயர்தான் தீர்வு.

பச்சையும் மஞ்சளும் ஒரே துளையில் இருக்கும் டிவிகளும் உண்டு. காம்போசிட்டைச் செருகிப் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி கம்பொனென்ட் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இன்புட் மெனுவில் ஏவி என்று மாற்றுங்கள். கம்பொனென்ட் வயரில் சிவப்பு இரண்டு இருக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் பிணைந்து வருவது படம், வெள்ளையோடு வருவது சத்தம். மாற்றிச் செருகினால் முகமெல்லாம் பச்சையாகும்.

பிஎஸ்2: குறைந்த செலவில் நிறைய கிடைப்பது

முதலில் மஞ்சள் வயரிலேயே பெட்டியை ஓட்டி, டிஸ்க் போடாமல் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குப் போய், கம்பொனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபியை எடுத்துவிட்டு 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்பதை வையுங்கள். அதன் பிறகே கம்பொனென்ட் வயருக்கு மாறுங்கள். வரிசை மாறினால் நிறம் தாறுமாறாகி மெனுவைப் படிக்கவே சிரமப்படுவீர்கள்.

பிஎஸ்2 கேம்கள் பெரும்பாலும் 480ஐ, பால் டிஸ்க் என்றால் 576ஐ. தொடக்கத்தில் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கேட்டால் 60. பல கேம்களில் 'பிளேஸ்டேஷன் 2' என்ற எழுத்துத் திரை மறைந்ததிலிருந்து முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் 480பி-யில் ஆடலாமா என்று கேட்கும். இதுதான் பைசா செலவில்லாத பெரிய மேம்பாடு, வரிகளைப் பின்னும் வேலையே டிவிக்கு இராது. கேட்காத கேம்களுக்கு ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற இலவச மென்பொருளில் ஜிஎஸ்எம் என்ற வசதி உண்டு. கேமின் செட்டிங்கில் ஜிஎஸ்எம்மை இயக்கி 480பி தேர்ந்தெடுங்கள். படம் ஒருபக்கம் நகர்ந்திருந்தால் அங்கேயே எச், வி எண்களை மாற்றிச் சரிசெய்யலாம். சில கேம்களில் இடையே வரும் வீடியோக் காட்சி மட்டும் உடையும். அப்போது காட்சியைத் தாண்டும் தேர்வையும் இயக்குங்கள். அதற்கும் மசியாத கேம்கள் இருக்கின்றன, அவற்றை 480ஐ-யிலேயே விட்டுவிடுவது நல்லது.

விரல் நீள 'பிஎஸ்2 டு எச்டிஎம்ஐ' குச்சிகள் எங்கும் கிடைக்கின்றன. மோசமில்லை. ஆனால் அது செய்வது கம்பொனென்ட் சிக்னலை டிஜிட்டலாக்குவது மட்டுமே, 480ஐ-யை 480ஐ-யாகவே டிவிக்குத் தள்ளிவிடும். 480பி கேம்களுக்கு அது போதும். பிஎஸ்1 டிஸ்க் போட்டால் வருவது 240பி. பல டிவிகள் அதை எச்டிஎம்ஐயில் ஏற்காமல் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடும். குச்சியின் யுஎஸ்பி வயரை டிவியில் செருகாமல் பெட்டியின் யுஎஸ்பியிலேயே செருகினால் உறுமல் குறையும்.

கன்வெர்ட்டர்கள்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய 'ஏவி டு எச்டிஎம்ஐ' பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏவி துளையே இல்லாத டிவியில் ஆடியாக வேண்டும் என்பதற்கு மட்டும் அது சரி. படத்தைத் தெளிவாக்கும் என்று வாங்காதீர்கள். டிவி செய்யும் அதே தப்பை, 240பி-யை 480ஐ என்று எடுத்துக்கொள்வதை, அது டிவிக்கு முன்னாலேயே செய்துவிட்டு, படத்தை அகலத்துக்கு இழுத்தும் விடும். பால் பெட்டி தரும் 50 படங்களை 60 ஆக்க ஐந்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டும். பின்னணி நகரும் கேம்களில் அந்தத் திக்கல் நன்றாகத் தெரியும்.

240பி-யைச் சரியாக அடையாளம் காணும் கருவிகள் வேறு. அவை ஒவ்வொரு வரியையும் அப்படியே இரண்டு, மூன்று மடங்காக்கி அனுப்புகின்றன. அடுத்த படத்துக்காகக் காத்திருப்பதில்லை, அதனால் தாமதம் இல்லாததற்குச் சமம். காம்போசிட் மட்டும் உள்ள பெட்டிக்கு ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போதும்: காம்போசிட், எஸ்-வீடியோ, கம்பொனென்ட் மூன்றும் வாங்கி 480பி தரும். ரெட்ரோடிங்க் 5எக்ஸ், 4கே இரண்டும் அதற்கு மேல், விலையும் மேல்; 4கே மாடலில் 240ஐ ஒன்பதால் பெருக்கினால் 2160, அதாவது 4கே திரையின் உயரம் மிச்சமில்லாமல் நிரம்பும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து சுங்க வரியும் கட்ட வேண்டும். சீன கேசட் பெட்டி ஒன்றுக்காக அவ்வளவு செலவழிப்பது வீண் என்பதே எங்கள் அபிப்பிராயம். ஓஎஸ்எஸ்சி (OSSC) என்ற இன்னொரு கருவி ஆர்ஜிபி, கம்பொனென்ட், விஜிஏ மட்டும் வாங்கும், மஞ்சள் வயரை வாங்காது. அதில் நான்கு, ஐந்து மடங்குக்குப் போனால் சில டிவிகள் ஏற்காது. இரண்டு மடங்கில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். 480ஐ கொடுத்தால் படம் மேலும் கீழும் துள்ளும், ஆகவே பிஎஸ்2க்கு அது சுமார்தான்.

கையில் சால்டரிங் இரும்பு உள்ளவர்களுக்கு நல்ல வழி ஜிபிஎஸ்-8200 போர்டு. ஆர்கேட் இயந்திரங்களுக்கென்று மலிவாக வரும் விஜிஏ கன்வெர்ட்டர் இது. வாங்கியபடியே போட்டால் இதுவும் 240பி-யைக் கெடுக்கும். போர்டில் உள்ள ஜம்பரால் அதன் சொந்த மூளையை முடக்கிவிட்டு, ஈஎஸ்பி8266 சிப் உள்ள வீமோஸ் டி1 மினி என்ற சின்ன வைஃபை போர்டை இணைத்து, ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். ஜிபிஎஸ் போர்டின் எஸ்டிஏ பின் வீமோஸின் டி2-க்கு, எஸ்சிஎல் டி1-க்கு, டீபக் (Debug) பின் டி6-க்கு, பிறகு 5 வோல்ட்டும் கிரவுண்டும். சப்ளை 5 வோல்ட், 2 ஆம்பியர். இயக்கியதும் 'ஜிபிஎஸ்கன்ட்ரோல்' என்று ஒரு வைஃபை தெரியும். பாஸ்வேர்டு கியூ எழுத்து எட்டு முறை, சிறிய எழுத்தில். போனில் 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்தால் எல்லா செட்டிங்கும் அங்கே. கம்பொனென்ட், ஆர்ஜிபி மட்டும் வாங்கும்; 480ஐ-யை ஓஎஸ்எஸ்சியைவிடப் பக்குவமாகப் பின்னும் என்பதால் பிஎஸ்2க்கு ஏற்றது. விஜிஏவில் வெளியே வருவதால், கம்ப்யூட்டர் சென்டர்கள் கழித்துப்போடும் சதுர எல்சிடி மானிட்டர் இதற்குச் சரியான ஜோடி. 1280x960 வைத்தால் படத்தின் விகிதமும் கெடாது. சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும். உதிரிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

டிவி மெனுவில்

கேம் மோடை முதலில் போடுங்கள். சில டிவிகளில் அது எச்டிஎம்ஐக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஏவி துளையில் போட்டுவிட்டுத் தாமதம் குறையவில்லையே என்று தேடுவதில் பயனில்லை. பட விகிதம் 4:3. ஹாலில் இருப்பவர்கள் திரை நிறையவில்லை என்று சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள்; 1080 வரித் திரையில் 4:3 படத்தின் அகலம் 1440, மிச்சம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஷார்ப்னஸ் பூஜ்யம், சோனியின் புதிய டிவிகளில் மட்டும் நடு எண்ணான 50. நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றும் ஆஃப். நாய்ஸ் ரிடக்‌ஷன் சின்னப் புள்ளிகளைத் தூசி என்று நினைத்து அழித்துவிடும், எதிரியின் குண்டும் அதில் ஒன்று. ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் தெரியவில்லை என்றால் எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் ஃபுல் பிக்சல்.

மழைக்காலமும் கேசட்டும்

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேசட்டின் செம்புப் பட்டைகள் மங்கும். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் துருவேற்றும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, கறுப்பு வராத வரை துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். பெட்டியைப் பல மாதம் கழித்து எடுக்கிறீர்கள் என்றால் மின்சாரம் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள். எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் போர்டின் மேல் இருப்பது நம் பக்கம் சாதாரணம். மூடி வைக்கும்போது சிலிக்கா ஜெல் பை இரண்டைப் போட்டு வையுங்கள்.

பரணில் இன்னொன்றும் இருக்கலாம்

2006 முதல் அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி இன்னும் விற்காமல் இருக்கிறதா? கேசட் பெட்டிக்கு அதைவிட நல்ல திரை கிடையாது. கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம், 240பி அதற்குத் தாய்மொழி, தாமதமும் இல்லை. துப்பாக்கி வைத்து வாத்து சுடும் கேம் இந்த டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். திரையில் ஒரு கணம் மின்னும் வெளிச்சத்தைத் துப்பாக்கி நேரம் பார்த்துப் பிடிக்கிறது. எல்இடி அந்த வெளிச்சத்தைத் தாமதமாகத் தருவதால் ஒரு குண்டும் படாது. வெள்ளை, மஞ்சள் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையில் நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருக்கும். அதை நகர்த்தி, டிவியை மெயின் ஸ்விட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள்; இரண்டு மூன்று முறையில் சரியாகும். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். படம் சுருங்குவது, நடுவில் ஒற்றைக் கோடாக நிற்பது போன்ற கோளாறுகளுக்குப் பழைய டிவி மெக்கானிக்தான் சரியான ஆள்.